பெர்லாவின் கயிறு

ஹோட்டல் வாசலின் மூன்றாவது படியில் சக்கர நாற்காலி சிக்கிக்கொண்டது. மாரிசெல் பின்னாலிருந்து தள்ளினாள். காவலாளி குனிந்து கால்மிதியைப் பிடித்துத் தூக்கினான். நெனிதா கையிலிருந்த தட்டுகளைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தாள்.

“ஒரு ஆளுக்கு மூணு பேரா?” என்றார் நாற்காலியில் இருந்த போன்சியானோ. “எலும்பும் தோலும்தான் இங்க இருக்கு. மிச்சமெல்லாம் முன்னாடியே கிளம்பிப் போயிடுச்சு.”

“பேசாம உக்காருங்கப்பா.”

“உக்காந்துதானே இருக்கேன். எழுந்திருச்சு ஓடவா போறேன்?”

நெனிதா சிரித்துவிட்டாள். மேலே வந்து சேர்ந்ததும், பெரியவர்களிடம் ஆசி வாங்கும் வழக்கப்படி அவர் வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். “உங்களைப் பத்தி மாரி நிறைய சொல்லியிருக்கா, மாமா.”

“என்ன சொன்னா?”

“சண்டைச் சேவல் வளர்ப்பீங்கன்னு.”

“வளர்த்தேன். ஒண்ணும் ஜெயிக்கல. எல்லாம் குழம்புக்குத்தான் போச்சு.”

வெள்ளிக்கிழமை, மணி பதினொன்று. மதியக் கூட்டம் இன்னும் வரவில்லை. மேனேஜர் ரோமுலோ ஏழாம் நம்பர் மேசையைக் கொடுத்திருந்தார். மணிலாக்காரர்கள் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவைத்து வாங்கும் மூலை மேசை. மூன்று வருஷமாக அதை நாளைக்கு ஐந்து தடவை துடைத்தவள் மாரிசெல். ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்ததில்லை. இன்று சீருடை இல்லாமல், கோயிலுக்குப் போட்டுப்போகும் மஞ்சள் சட்டையில், கூட வேலை செய்கிறவள் தன் தம்ளரில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தபோது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பக்கத்து மேசையில் கரண்டி கோணலாகக் கிடந்தது. எழுந்து போய் நேராக்கினாள்.

“இன்னொரு தடவை எழுந்திருச்சேன்னா ஏப்ரனை மாட்டி வேலைக்கு அனுப்பிடுவேன்” என்றாள் நெனிதா.

போன்சியானோ இதைக் காதில் வாங்கவில்லை. கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். மலைச்சரிவு தென்னையும் வாழையுமாகச் செங்குத்தாக இறங்கிப் போய், ஏரியில் முடிந்தது. ஏரியின் நடுவில் தீவு. தீவுதான் எரிமலை. வடக்குக் கரையோரம் ஒரு பழுப்புத் திட்டு. அங்கேதான் அவர்கள் ஊர் இருந்தது.

அறுபத்தெட்டு வருஷம் அந்தத் தீவிலிருந்து அவர் இந்த முகட்டைப் பார்த்திருந்தார். படகில் வரும் சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் மேலே கையைக் காட்டி, ‘அங்கேதான் சாப்பிட்டோம்’ என்பார்கள். அவர் ஏறி வந்து சாப்பிட்டதில்லை. சாப்பிட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

“இவ்வளவுதானா?” என்றார் கடைசியில்.

“என்னப்பா?”

“நம்ம ஊரு. இவ்வளவு சின்னதா? இதுல சின்ன வயசுல எங்க அம்மா எப்படி என்னைத் தொலைச்சா?”

முன்வாசல் பக்கம் இரண்டு பெண்கள் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தீவின் ஓரத்தில், கூம்பு மாதிரி அழகாக நிற்கும் குன்றைப் பின்னால் வைத்து. போன்சியானோ அவர்களையும் குன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அது என்னிக்கோ அணைஞ்சுபோன குன்னு. நிஜ வாய் பின்னாடி இல்ல இருக்கு?”

“எல்லாரும் அதைத்தான் எரிமலைன்னு நினைச்சுக்கிறாங்க.”

“நீ சொல்றதில்லையா?”

“முதல்ல சொன்னேன். அவங்க முகம் வாடிடுது. இப்போ சொல்றதில்ல.”

அவர் தலையாட்டினார்.

கல்லீரலில் வந்த புற்று இனிப் பரவ எங்கும் இடமில்லை என்று டாக்டர் பத்து நாள் முன்பு சொல்லிவிட்டார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், கேட்டதைக் கொடுங்கள் என்றார். என்ன வேண்டும் என்று மாரிசெல் அப்பாவைக் கேட்டாள். தீவுக்குப் போகணும் என்றார் அவர். ஐந்து வருஷம் முன்பு எரிமலை வெடித்ததிலிருந்து தீவில் யாரும் கால் வைக்கக்கூடாது. காவல் படகு நின்று திருப்பி அனுப்பும். அவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த வீடு மலைக்கு அந்தப் பக்கம், ஒரே மாதிரி நீலக்கூரை போட்ட நானூறு வீடுகளில் ஒன்று. அங்கிருந்து ஏரி தெரியாது. தண்ணீரே தெரியாது. கப்பலில் வேலை பார்க்கும் அவள் கணவன் போனில் சொன்ன யோசனைதான் இது: ‘உன் ஹோட்டல்ல இருந்து தெரியுமே, அங்க கூட்டிட்டுப் போ.’

போன்சியானோ அதற்கு உடனே சரி என்றது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

நெனிதா முதலில் பொரித்த மீனைக் கொண்டுவந்து வைத்தாள். விரல் நீளம், மொறுமொறுவென்று, பூண்டு போட்ட வினிகரோடு. “தவிலிஸ் மாமா. உங்க ஏரி மீன்தான்.”

அவர் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கினார். வெளிச்சத்துக்கு நேரே திருப்பிப் பார்த்தார். மோந்தார். வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

“பொண்ணே, இவன் ஏரியையே பார்த்ததில்ல. இவன் கடல்காரன்.”

“மாமா, மெதுவா!”

“ஐஸ் பெட்டியில படுத்துக்கிட்டு லாரியில வந்திருக்கான்.”

“கஸ்டமர் காதுல விழுந்தா எனக்கு வேலை போயிடும், மாமா.”

“சரி சரி.” குரலைத் தாழ்த்தி, ஆனால் அடுத்த மேசைக்குக் கேட்கும்படியே சொன்னார்: “ஆஹா, என்ன தவிலிஸ்! நேத்து நானே பிடிச்ச மாதிரி இருக்கு.”

மாரிசெல் சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாக வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபோது கண்ணில் தண்ணீர் நின்றது, அதைத் துடைத்துக்கொண்டாள். அவர் அந்த ஒரு மீனோடு நிறுத்திக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கூடம் நிறையத் தொடங்கியது. நடு மேசைகள் நான்கைச் சேர்த்துப் போட்டு ஒரு பெரிய குடும்பம் உட்கார்ந்தது; கழுத்தில் காகித மாலையோடு ஒரு தாட்டியான அம்மாள் நடுவில் இருந்தாள். பிறந்தநாள். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு எரிமலையைப் பார்த்து ஊதினார்கள்.

மாட்டெலும்பு சூப் சட்டியோடு வந்தது. முட்டைக்கோஸும் சோளத்துண்டும் மிதந்தன. நடுவே பெரிய முழங்கால் எலும்பு. மாரிசெல் கிண்ணத்தில் ஊற்றி, ஊதி ஆற்றி, அப்பாவுக்குக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். நான்காவது கரண்டிக்கு அவர் கையைத் தூக்கித் தடுத்தார்.

“மாரி.”

“ம்.”

“பெர்லாவை நீ அவுத்துவிடல.”

கரண்டி அவள் கையிலேயே நின்றது.

அதை அவர் கேள்வியாகக் கேட்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. கண் ஏரியிலேயே இருந்தது.

பெர்லா அவர்களுடைய குதிரை. செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்தது. படகில் வந்து இறங்குகிறவர்களை எரிமலையின் விளிம்புவரை சுமந்து போய்க் கூட்டிவருவாள். பதினோரு வருஷம் அந்த வீடு சாப்பிட்டது அவள் முதுகில்தான்.

எரிமலை வெடித்த அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஏரியில் இருந்தார். மலை உறுமத் தொடங்கியதும் போன் செய்தார்: புள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கரைக்கு வா, பெர்லாவை அவுத்துவிட்டுட்டு வா. தன் இரண்டு வயதுப் பிள்ளை மிகாவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மாரிசெல் ஓடினாள். வானம் கறுத்துவிட்டது. சாம்பலோடு கூழாங்கல்லும் விழுந்தது. வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் பெர்லா முன்னங்கால்களைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தாள். மாரிசெல் ஐந்தடி தள்ளி நின்றாள். பிறகு ஓடினாள்.

படகில் ஏறியதும் அவர் கேட்டார்: ‘அவுத்துவிட்டியா?’ அவள் சொன்னாள்: ‘விட்டுட்டேன்பா.’

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதோடு முடியவில்லை. நீலக்கூரைக் காலனியில் யார் வந்து உட்கார்ந்தாலும் போன்சியானோ குதிரைக் கதையைத் தொடங்கிவிடுவார். என் பொண்ணு கடைசி நிமிஷத்துல அவுத்துவிட்டா; இப்போ பெர்லா காட்டுக்குள்ள ராஜாத்தி மாதிரி திரியறா. ஒவ்வொரு தடவையும் மாரிசெல் அடுப்படிக்குப் போய்விடுவாள், எதையாவது கழுவுவாள்.

“மூணாம் நாள் நான் போனேன்” என்றார் இப்போது.

“எங்க?”

“வீட்டுக்கு. நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்து முகாம்ல படுத்திருந்தீங்க. நானும் நம்ம ஊரு இசகானியும் காவலுக்குத் தெரியாம துடுப்புப் படகுல போனோம். அவனுக்கு ஒரு பன்னி இருந்துச்சே, அதைத் தேடி.” நிறுத்தி மூச்சு வாங்கினார். “ஊரே சிமெண்ட் பூசின மாதிரி. கூரையெல்லாம் உக்காந்துடுச்சு. பலாமரம் மட்டும் நின்னுச்சு. அவ அதுக்கடியில. கயிறு மரத்துலயே இருந்துச்சு.”

பின்னால் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். சிமெண்ட் தரையில் கிறீச்சிட்டது.

“அஞ்சு வருஷமாத் தெரியுமா?”

“படகுலயே தெரியும். பொய் சொன்னா நீ கீழுதட்டைக் கடிப்ப. ஆறு வயசுலயிருந்து.”

“அப்போ ஏம்பா… அந்தக் கதையெல்லாம்?”

“பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான், உன் குதிரை என்னாச்சுன்னு. நீ பின்னாடி நின்னு புள்ளைக்குக் கஞ்சி ஆத்திக்கிட்டு இருந்த. என்ன சொல்லச் சொல்ற? விட்டுட்டோம், ஓடிடுச்சுன்னேன். சொன்னது நல்லா இருந்துச்சு. அடுத்த ஆளுக்கும் சொன்னேன்.” உதட்டோரம் லேசாகச் சிரித்தார். “ரெண்டாம் வருஷம் குட்டி போட வெச்சேன். நீதான் நின்னு கேக்கல.”

மாரிசெல் மேசைத்துணியின் ஓரத்தை மடித்தாள், நீவினாள், மறுபடி மடித்தாள். ஏதாவது சொல்ல வேண்டும். ஐந்து வருஷமாக ஒத்திகை பார்த்த வார்த்தைகள் இருந்தன.

“நான் கிட்ட வரைக்கும் போனேன்பா…”

“ரெண்டு கையிலயும் புள்ளை. எந்தக் கையால அவுப்ப?”

“இருந்தாலும்…”

“கேளு. நீ நின்னு அவுக்கப் பார்த்திருந்தாலும் முடிஞ்சிருக்காது. அன்னிக்குக் காலையில நான் போட்டது படகு முடிச்சு. ரெண்டு சுத்து. முந்தின நாள்தான் அவுத்துக்கிட்டுப் போய் இசகானியோட சோளத்துல மேஞ்சுட்டு வந்தா. அந்தக் கோவத்துல இறுக்கிப் போட்டேன். கத்தி இல்லாம யாராலயும் அவுக்க முடியாது.” மூச்சு இரைத்தது. “தப்பு என்னோடது. சொல்லணும்னு இருந்தேன். அந்தக் காலனியில எங்க சொல்றது? சுவரு ஒட்டு சுவரு.”

மாரிசெல் அவர் முகத்தைப் பார்த்தாள். மஞ்சள் பாய்ந்த கண்கள் அவளையே பார்த்தன, இமைக்காமல்.

அவள் ஐந்தடி தள்ளி நின்றபோது முடிச்சைப் பார்த்தாள். எப்போதும் அவர் போடுகிற முடிச்சுதான் அது. சவாரிக்கு வரும் சின்னக் குழந்தைகள்கூட நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் உருவிக்கொண்டு வரும்; அதை ஒரு வித்தை மாதிரி அவர்களுக்குச் செய்து காட்டுவார். நுனி தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் காற்றில் ஆடியது. இந்த ஐந்து வருஷத்தில் அவள் அதைப் பார்க்காத நாள் இல்லை.

மூன்றாம் நாள் அந்த மரத்தடியில் நின்றவரும் அதைப் பார்த்திருப்பார்.

“படகு முடிச்சாப்பா?” என்றாள்.

“படகு முடிச்சுதான்.”

“சரிப்பா.”

“சரி.” அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஏதோ பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர்போல இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த எலும்பைத் தட்டு” என்றார். “உள்ள இருக்கறதைத் தராம ஏமாத்தலாம்னு பாக்கறியா?”

அவள் எலும்பைத் துணியில் சுற்றிப் பிடித்துத் தட்டின்மேல் தட்டினாள். மஜ்ஜை வழுக்கிக்கொண்டு விழுந்தது. எலுமிச்சை பிழிந்து, உப்புத் தொட்டு, கரண்டி நுனியில் கொடுத்தாள். அவர் நாக்கில் வைத்துக் கரைத்து விழுங்கினார்.

“எப்படி இருக்குப்பா?”

“இதுக்காக மலை ஏறி வரலாம்.” கண்ணை மூடித் திறந்தார். “நீ சாப்பிடு. ஆறிப்போவுது.”

அவள் குனிந்து சாப்பிட்டாள். அப்போதுதான் பசி தெரிந்தது. சோற்றில் சூப்பை ஊற்றிப் பிசைந்து, மிச்சமிருந்த மீனையும் எடுத்துக்கொண்டு, வேலைநாளில் அடுக்களை ஓரத்தில் நின்றுகொண்டு சாப்பிடுவதுபோல வேகமாகச் சாப்பிட்டாள். நடு மேசையில் கேக் வந்தது. எல்லாரும் எழுந்து கைதட்டிப் பாடினார்கள். பரிமாறுகிறவர்களும் கூடவே பாட வேண்டும். அது இந்த ஹோட்டல் வழக்கம். மாரிசெல்லும் பழக்கதோஷத்தில் வாய்க்குள் பாடிக்கொண்டே நிமிர்ந்தாள்.

“பாருங்கப்பா, எரிமலை மாதிரியே கேக் பண்ணியிருக்…”

அவர் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. வாயோரம் மஜ்ஜையின் எண்ணெய் மினுங்கியது.

அவள் கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே இருந்தாள். பாட்டு முடிந்தது. கைதட்டல் முடிந்தது. அந்த அம்மாள் மெழுகுவத்தியை ஒரே மூச்சில் ஊதி அணைத்தாள், குழந்தைகள் கத்தினார்கள். மாரிசெல் தன் கைக்குட்டையால் அப்பாவின் வாயோரத்தைத் துடைத்தாள். இமைகளை மூடிவிட்டாள். அவர் தலையிலிருந்த தொப்பியைக் கொஞ்சம் முன்னால் இறக்கினாள்.

எழுந்து சத்தம் போட வேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. யாரையாவது கூப்பிட வேண்டும். ஆனால் எதற்கு அவசரம் என்றும் இருந்தது. அவர் பார்க்க வந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் தன் நாற்காலியை நகர்த்தி அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

காகித மாலை அம்மாள் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு ஆடி அசைந்து வந்தாள். தட்டில் நீள நீளமான நூடுல்ஸ்.

“பெரியவருக்குக் கொடுக்கலாம்னு வந்தேன். எனக்கு எழுபது முடியுது இன்னிக்கு. வெட்டாம சாப்பிடணும், ஆயுசு நீளும்பாங்க… அடடா, தூங்கிட்டாரா?”

“ஆமாம்மா.”

“எழுப்பாத, எழுப்பாத. நீ வாங்கிக்க.”

“சந்தோஷமா இருங்கம்மா” என்று மாரிசெல் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள். அந்த அம்மாள் போகாமல் நின்றாள், சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போகிறவள்போல. மாரிசெல் முள்கரண்டியில் ஒரு இழையைச் சுற்றி வாயில் வைத்தாள். நீளமாக வந்தது. கடிக்காமல், அறுக்காமல், கடைசிவரை உறிஞ்சி விழுங்கினாள்.

“நல்லா இருக்கும்மா.”

“என் மருமக பண்ணினது” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அவள் போனாள்.

நெனிதா மேசையைத் துடைக்க வந்தாள். தட்டை எடுத்தவள் பெரியவரைப் பார்த்தாள், மாரிசெல்லின் கை இருந்த இடத்தைப் பார்த்தாள். தட்டைத் திரும்ப வைத்துவிட்டாள்.

“எப்போ?”

“பாட்டு பாடினப்போ.”

நெனிதா கூடத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கட்டைவிரலால் அவர் நெற்றியில் சின்னதாகச் சிலுவை போட்டாள். அவள் உதடுகள் கொஞ்ச நேரம் அசைந்தன. பிறகு நிமிர்ந்து, “இரு. சார்கிட்ட நான் சொல்றேன்” என்று நிதானமாக நடந்து போனாள். அடுக்களைக் கதவைத் தாண்டியதும் அவள் ஓடுவது கேட்டது.

ரோமுலோ வந்தார். கண்டிப்பான மனிதர், கண்ணாடியில் ஒரு விரல்தடம் இருந்தாலும் வீடு போகும்வரை சொல்லிக்காட்டுவார். மேசைக்குப் பக்கத்தில் குனிந்து, வாடிக்கையாளரிடம் பேசுகிறவர் மாதிரி மெல்லிய குரலில் கேட்டார்: “ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா?”

“சைரன் போடுவாங்க சார். அந்தம்மாவுக்குப் பிறந்தநாள்.”

அவர் கூடத்தைப் பார்த்தார், பிறகு அவளை. “என் வேன் இருக்கு. வழியில டாக்டர்கிட்ட காட்டிட்டு நேரா வீட்டுக்குப் போயிடலாம். நானே ஓட்டறேன்.” போகத் திரும்பியவர் நின்றார். “இந்த மேசை சாயங்காலம் வரைக்கும் யாருக்கும் கிடையாது. அவசரப்படாத.”

ஆனால் அவள் எழுந்துவிட்டாள். மேசைகளுக்கு நடுவே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனபோது வழியில் இருந்தவர்கள் புன்னகையோடு காலை இழுத்துக்கொண்டார்கள். வாசலில் இருந்த பெண் வழக்கம்போல, “மறுபடியும் வாங்க ஐயா” என்றாள்; பின்னால் வந்த நெனிதாவின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். படிகளில் இந்தமுறை நாலு பேர் பிடித்தார்கள்.

வேன் வரும்வரை மாரிசெல் நாற்காலியோடு கம்பியோரம் நின்றாள். நெனிதா அப்பாவின் மருந்துப் பையை எடுக்க உள்ளே போயிருந்தாள். கீழே ஏரியில் மேகத்தின் நிழல் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. மிகா பள்ளிக்கூடம் விட்டு வர இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று நினைத்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல வேண்டும். பாய், மெழுகுவத்தி, எல்லாருக்கும் காபி. கணவனின் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் இருக்கும் என்று கணக்குப் போட முயன்று விட்டுவிட்டாள்.

“தொந்தரவுக்கு மன்னிக்கணும். ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?”

கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். பின்னால் அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதற்குள் கம்பியில் சாய்ந்து தயாராக இருந்தார்கள்.

மாரிசெல் வாங்கிக்கொண்டாள். “கொஞ்சம் இடது பக்கம் நகருங்க. சின்னவ முன்னாடி வரட்டும். அங்க வெயில் மூஞ்சில அடிக்குது… ம், அப்படி.” மூன்று படம் எடுத்தாள். பார்த்தாள். ஒன்றில் சின்னவள் கண்ணை மூடியிருந்தாள். நாலாவதாக ஒன்று எடுத்துக் கொடுத்தாள்.

“ரொம்ப நன்றிங்க.” அவன் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அப்பாவா? நல்லாத் தூங்கறார்.”

“ஆமா.”

“சாப்பிட்டதும் இந்தக் காத்துக்கு யாருக்கும் சொக்கும். ஆனா குளிருது, பாத்துக்குங்க.”

அவர்கள் காரை நோக்கிப் போனார்கள். ஏரியிலிருந்து காற்று ஒருமுறை ஏறி வந்தது. மாரிசெல் குனிந்து, அப்பாவின் சட்டையில் திறந்திருந்த மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.